முதல் ஒரு மணி நேரம்

நுண்துளை சிலிக்காவில், அதாவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த பொடியில், மருந்து ஏற்றுகிறவர்களிடம் பேசினால் முதலில் வருவது, எவ்வளவு ஏறியது என்ற பேச்சுதான். நூற்றுக்கு முப்பது ஏறியது என்றால் அதற்கு ஒரு மதிப்பு. ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு ஆய்வகத்தில் இந்தப் பொடியோடு சில வருடங்கள் புழங்கிய பிறகு, நான் முதலில் கேட்பது வேறு. முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெளியே வந்துவிட்டது?

பொடியைப் பற்றிக் கொஞ்சம். 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்த எம்.சி.எம்-41 என்ற சிலிக்காதான் எங்களுக்கு அடிப்படை. 2001-இல் ஸ்பெயினில் மரியா வாலெட்-ரெஹியின் குழு அதில் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தை ஏற்றிக் காட்டியது. துளையின் அகலம் 2 முதல் 4 நானோமீட்டர். இபுப்ரோஃபென் மூலக்கூறின் நீளம் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு கிராம் பொடிக்குள் மடிந்து கிடக்கும் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம். அத்தனை குறுகிய இடத்தில் மருந்தால் படிகமாகச் சேர முடியாது. அதனால் தண்ணீரில் லேசில் கரையாத மருந்தும் இதற்குள் இருந்து வந்தால் சீக்கிரம் கரைகிறது. எனக்கு இந்தப் பொடியில் மிகவும் பிடித்த குணம் அது.

செய்முறையில் பொறுமை வேண்டிய இடம் உலை. துளைகளுக்கு அச்சாக நிற்கும் சிடாப் என்ற சோப்பு போன்ற பொருளை எரித்து வெளியேற்ற வேண்டும். மிச்சம் இருந்தால் செல்களுக்கு நஞ்சு. நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 550 டிகிரிக்கு ஏற்றுவதற்கே ஒன்பது மணி நேரம் பிடிக்கும். சூடு ஏறும்போது சிடாப் உடைந்து டிரைமெத்திலமீன் வரும். கெட்டுப்போன மீனில் நாறுவதும் அதே பொருள்தான். வெளிக்காற்றிலும் கருவாட்டு வாசம் இருக்கிற ஊரில், மூக்கை நம்பி எரிப்பு முடிந்ததா என்று சொல்ல முடியாது. ஐ.ஆர். என்ற அகச்சிவப்பு ஒளிச் சோதனையில் சிடாப்பின் கார்பன்-ஹைட்ரஜன் கோடுகள் மறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்புவோம்.

அப்புறம் ஈரம். இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துவிடலாம், எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் கடக்க முடியாது. உலர்த்திய பொடியைத் தராசுத் தட்டில் வைத்ததும் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. மருந்து உட்கார வேண்டிய, துளைச்சுவரின் சிலனால் (சிலிக்கானோடு ஒட்டிய ஓ.எச். தொகுதி) இடங்களில் தண்ணீர் முந்திக்கொள்கிறது. ஆகவே 110 டிகிரியில் உலர்த்தி, டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, வெளியே எடுத்த கையோடு மருந்துக் கரைசலில் போட்டுவிடுவோம். கரைசலுக்கு எத்தனாலைவிட ஹெக்சேன் நல்லது. எத்தனாலும் அதே இடங்களுக்குப் போட்டி போடும்.

ஏற்றியாயிற்று, சரி. வெளியீட்டைப் பார்க்க, பொடியை டயாலிசிஸ் பையில் (மருந்தை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) கட்டி, அமிலநிலை மாறாத பி.எச். 7.4 பஃபர் கரைசலில், 37 டிகிரியில் சுழலவிடுகிறோம். குறித்த நேரத்துக்கு ஒரு முறை 2 மில்லி எடுத்து, அதே அளவு புதுப் பஃபரை ஊற்றி, எவ்வளவு மருந்து இருக்கிறது என்று புற ஊதா ஒளியால் அளக்கும் யுவி கருவியில் படிப்போம். வெளிவந்த அளவை நேரப்படி கோடாக வரைவோம். முதல் சில மாதிரிகளிலேயே கோடு செங்குத்தாக எழும்பினால், மருந்து துளைக்குள் போகாமல் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்தது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்படி ஏறிய முப்பதைவிட, துளைக்குள் நிற்கிற பதினைந்து எனக்கு மேல். துளைச்சுவரில் அமீன் தொகுதிகளைப் பிணைத்தால் இபுப்ரோஃபெனின் எதிர்மின் முனையை அவை பிடித்துவைக்கும், கோடு படுக்கும்.

துளையின் வாயை அடைக்க நாங்கள் எடுத்துக்கொண்டது, கால்சியம் சேர்த்தால் கூழாக இறுகும் ஆல்ஜினேட். இந்தக் கடலில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து சோடா போட்டு எடுப்பது. வயிற்று அமிலத்தில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். குடலுக்குப் போனதும் ஊறி, கால்சியம் கழன்று, கலைந்துவிடும்.

பாசி கொண்டுவந்து தரும் அக்கா ஒருவர் இதை விளக்கச் சொல்லிக் கேட்டார். பாறையில் கால் கிழிந்து, இடுப்பு வலியோடு திரும்பி, வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுகிறவர். "அப்ப இதுல செஞ்ச மாத்திரை போட்டா வயிறு எரியாதா தம்பி?" அவருக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைத் தொட்டும் புண்ணாக்கும், ரத்தத்தில் கலந்த பிறகு இரைப்பையைக் காக்கும் சுரப்பைக் குறைத்தும் புண்ணாக்கும். எங்கள் பூச்சு முதலாவதற்குத்தான் உதவும். "சாப்பிட்டுப் போடுங்கக்கா, தினம் போடாதீங்க, பெரியாஸ்பத்திரில ஒருக்கா காட்டுங்க" என்றேன். ஆய்வகத்தில் ஒரு கோடு அழகாகப் படுத்துவிட்டது என்பதற்காக ஒருவருடைய வயிற்றைப் பற்றி வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதில் நான் கறாராக இருக்கிறேன்.

இன்னொன்றையும் அவர் வீட்டைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டோம். மாத்திரை அட்டை இருந்தது சமையல் மேடைக்கு மேலே, ஜன்னல் ஓரம், உப்புக்காற்று நேராக அடிக்கிற பலகையில். எம்.சி.எம்-41-இன் சுவர்கள் மெல்லியவை. ஈரத்தில் நாள்பட இருந்தால் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புகள் நீராற்பகுப்பில் உடைந்து துளைகள் குலையும். அதனால் ஏற்றி முடித்த பொடியில் ஒரு பங்கை டெசிகேட்டரிலும், ஒரு பங்கை மூடி தளர்ந்த டப்பாவில் ஜன்னல் பக்கத்திலும் வைக்கிறோம். மாதங்கள் கழித்து இரண்டுக்கும் முதல் ஒரு மணி நேரக் கோட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வரைகிறோம். சுவர் தடித்த இன்னொரு நுண்துளை சிலிக்காவான எஸ்.பி.ஏ-15-ஐயும் இதே ஜன்னலில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.