கையால் ஓட்டும் தையலில் சீர்மை: ஒன்பது வாரக் குறிப்பு

கொழும்பில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்த பருத்தித் துண்டுகளை இணைத்து, 60 அங்குலச் சதுரத்தில் ஒரு குவில்டின் (பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையின்) மேல்துணியை முடித்திருந்தேன். துண்டுகளை இணைத்தது கடினமாக இருக்கவில்லை. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலை, இயந்திரத்தில் ஊசிக்கு அடியிலிருந்து துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கைகளால் நகர்த்தி வளைகோடுகளாக இடும் ஃப்ரீ மோஷன் முறையில் செய்ய முனைந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகத் தையலின் நீளத்தை எனக்காகக் காத்து வந்தது அந்தப் பல்தான் என்பது விளங்கியது.

பல் மேலே இருக்கும்போது, ஊசி ஒருமுறை இறங்கி ஏறும் இடைவெளியில் அது துணியைக் குறித்த அளவுக்கு மட்டும் தள்ளுகிறது. பல்லை இறக்கிவிட்டால் தையல் நீளத்தைக் குறிக்கும் சக்கரத்துக்கு வேலையில்லை; இரண்டு குத்துகளுக்கு இடையே கை துணியை எவ்வளவு நகர்த்துகிறதோ அதுவே தையலின் நீளம். என் இயந்திரம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை அறிய, நூல் கோக்காமல் ஒரு தாளை ஊசியின் கீழ் நகர்த்தியபடி பத்து விநாடிகள் ஓட்டித் துளைகளை எண்ணினேன். நூறு துளைகள் இருந்தன. நிமிடத்துக்கு 600 குத்துகள். ஓர் அங்குலத்தில் பத்துத் தையல்கள் வேண்டுமென்றால், கை நிமிடத்துக்கு 60 அங்குலம், அதாவது விநாடிக்கு ஓர் அங்குலம் நகர வேண்டும். இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே போட்டிருந்தால் நிறைய நூல் மிஞ்சியிருக்கும்.

முதல் வாரப் பயிற்சித் துண்டில், வெள்ளைத் துணியில் கரும்பச்சை நூலால் தைத்து, அளவுகோலை வைத்து ஒவ்வோர் அங்குலமாக எண்ணினேன். வளைவின் நடுவில் ஐந்தும் ஆறும், இலையின் நுனி போன்ற திருப்பங்களில் பதினாறும் பதினெட்டும் வந்தன. வளைவுகளின் பின்புறத்தில், இயந்திரத்தின் அடியிலிருந்து வரும் பொபின் நூல் நேராகக் கிடக்க, மேல்நூல் கண்ணிமை மயிர்போலச் சிறு வளையங்களாக இழுபட்டிருந்தது. நூலிறுக்கம்தான் பிழை என்றெண்ணி இரண்டு மாலைகள் திருகியைத் திருகிக்கொண்டிருந்தேன். அதே இறுக்கத்தில் நேர்கோடுகள் பின்புறத்திலும் பழுதின்றி இருந்ததைப் பார்த்த பிறகே, வளைவில் கை ஊசியை முந்திப் பாய்வதால் நூல் இழுபடுகிறது என்று தெளிந்தேன்.

அடுத்து நான் செய்த தவறு, அச்சத்தால் எல்லாவற்றையும் மெதுவாக்கியது. இயந்திரம் மிக மெதுவாக ஓடும்போது, கையின் ஒவ்வொரு நடுக்கமும் ஒரு கோணலாகப் பதிகிறது. வளைவு வட்டமாக அமையாமல் சிறு நேர்கோடுகளின் தொடராகத் தெரிகிறது. தன் கால்மிதி இயந்திரத்தில் நாற்பது ஆண்டுகள் தைத்த அம்மா அருகிலிருந்து பார்த்துவிட்டு, “காலை ஒரே அளவில வைச்சிரு பிள்ளை, கையைத்தான் பழக்க வேணும்” என்றார். நானோ வளைவு வரும்போதெல்லாம் காலைத் தளர்த்தி, அதே நொடியில் கையை விரைவாக்கிக்கொண்டிருந்தேன். அன்றிரவே மிதியின் அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி, குறித்த அளவுக்கு மேல் அது அமுங்காதபடி செய்தேன். அதன்பின் மிதியை முழுவதும் அழுத்தினாலும் வேகம் 600-ஐத் தாண்டுவதில்லை. கால் கவனத்தைக் கேட்பதில்லை.

கைக்கு ஒரு காலப்பிரமாணம் தேவைப்பட்டது. சிறுவயதில் ஞாயிறு வகுப்பில் பழகிய ஆதி தாளம் கைகொடுத்தது. கைபேசியில் விநாடிக்கு ஒரு தட்டு ஒலிக்க, எட்டு எண்ணிக்கையில் எட்டு அங்குலக் கோடு என்று முதலில் வெறும் தாளில் பென்சிலால் வரைந்தேன். பிறகு அதே வடிவத்தைத் துணியில் ஓட்டினேன். வளைவில் கை ஓட விரும்பும். தட்டு அதைப் பிடித்து நிறுத்தும். நுனியில் கை தயங்க விரும்பும். அடுத்த தட்டு அதை இழுத்துச் செல்லும். மூன்று வாரங்களில் தட்டொலி தேவைப்படாமல் போயிற்று. இப்போது மோட்டாரின் ஒலியும் துணி நகரும் விரைவும் இசைந்திருக்கின்றனவா என்பதைக் காதே சொல்லிவிடுகிறது.

பயிற்சித் துண்டில் கைவந்த சீர்மை, முழுக் குவில்டை ஏற்றியதும் ஏழாம் வாரத்தில் குலைந்தது. காரணம் கையன்று, எடை. மேசையின் விளிம்பிலிருந்து தொங்கிய பகுதி பின்னோக்கி இழுக்க, நான் ஒரு திசையில் தள்ளும்போது தையல் குறுகியும் மறுதிசையில் நீண்டும் போனது. இடப்புறமும் பின்புறமும் அதே உயரத்தில் இரண்டு சிறு மேசைகளைச் சேர்த்து, ஊசியைச் சுற்றித் துணி குவியலாகத் தளர்ந்து கிடக்கும்படி வைத்ததும் பெரும்பகுதி சரியாயிற்று. கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்த விரல்கள் துணியில் வழுக்குவதும் ஒரு தொல்லைதான். பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி ஈரிரு விரல்களில் அணிந்துகொள்கிறேன். முழுக் கையுறை இந்த வெக்கைக்கு ஒத்துவராது.

நிறுத்தும் இடத்தையும் இப்போது முன்கூட்டியே முடிவு செய்கிறேன். வளைவின் நடுவில் நிறுத்திக் கையை மாற்றினால், மீண்டும் தொடங்கும் இடத்தில் ஒரு நீண்ட தையலோ சிறு முடிச்சோ விழுந்துவிடுகிறது. கோடுகள் சந்திக்கும் இடத்தில், ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்தி, தோள்களைத் தளர்த்தி, அடுத்து ஓடவேண்டிய பாதையைக் கண்ணால் ஒருமுறை பார்த்த பின்பே மிதியைத் தொடுகிறேன்.

ஒன்பதாம் வார முடிவில், குவில்டின் பதினாறு கட்டங்களில் பதினொன்று நிறைவடைந்துள்ளன. கடைசியாகத் தைத்த கட்டத்தில் அங்குலத்துக்கு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையே எண்ணினேன். உள்நோக்கிச் சுருளும் வட்டங்களின் மையத்தில் மட்டும் இன்னும் பதின்மூன்று வருகிறது. அந்தச் சுருளைத் தனியே பழகுவதற்காக, மிஞ்சிய நடுப்பஞ்சில் ஆறு சிறு துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன்.