தொப்பூர் ஏற்றத்தில்

தொப்பூர் ஏற்றம் பாதிகூடத் தாண்டவில்லை, ஹீட் முள் மேலே போய்விட்டது.

காலையில் கோவையில் சாவி வாங்கிய 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஓரம் கட்டினேன்.

இதில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுசாகச் சாயும். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தம்பி, கைய எடு! ஆறட்டும்."

பின்னால் நிறுத்திய லாரி டிரைவர். அரை மணி நேரம் கூடவே நின்றார். அப்புறம் துணியை நான்காக மடித்து, மூடியைக் கொஞ்சமாகத் திருகி, ஆவி அடங்கியதும் தன் கேன் தண்ணீரை ஊற்றினார்.

காசு வாங்கவில்லை. "ஒருதரம் ஆரன் அடிச்சுக்கட்டுமா?" என்றார்.

சிறுவயதிலிருந்து படத்தில் மட்டும் பார்த்த கார். அவர் ஆரன் அடித்துச் சிரித்தபோதுதான் அது என்னுடையது என்றே மனசில் பதிந்தது.

கிருஷ்ணகிரி வரும்போது இருட்டிவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.