காலுக்குக் கிளேம், லாயருக்கு எவ்வளவு?

கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் எலும்பு வார்டில் படுத்திருந்த இரண்டாம் நாள் மத்தியானம் அந்த ஆள் வந்தான். கையில் ஒரு பை ஆரஞ்சு, கக்கத்தில் ஒரு பைல். "அண்ணே, வலி எப்படி இருக்கு?" என்று சொந்தக்காரன் மாதிரி கட்டிலோரம் உட்கார்ந்தான். என் பேர், வேலை, எந்த இடத்தில் அடிபட்டேன் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2022 மார்ச். செகாம்புட்டில் ஸ்டோர் வேலை முடிந்து மோட்டாரில் செந்தூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜாலான் ஈப்போவில் சந்திலிருந்து ஒரு காடி நிற்காமல் வெளியே வந்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே இரும்பு வைத்தார்கள்.

வந்தவன் ரன்னர். ஆஸ்பத்திரியைச் சுற்றி ஆக்சிடென்ட் கேஸ் பிடித்து லாயர் ஆபீசுக்குக் கொடுப்பவன். "ஒரு காசு முன்பணம் வேணாம் அண்ணே. ஜெயிச்சா முப்பது பெர்செண்ட். தோத்தா ஒண்ணுமே இல்ல" என்றான். வலது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையால் கிறுக்கிக் கொடுத்தேன். அவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்த மூன்று இடத்திலும் கிறுக்கினேன். பெர்க்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கிளேமையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான், அதற்குத் தனி பெர்செண்ட்.

சாயங்காலம் என் மனைவி அவன் விட்டுப்போன நகலை எடுத்துப் பார்த்தாள். மலாயில் இரண்டு பக்கம். "ஏங்க, பெர்செண்ட் எழுத வேண்டிய இடம் காலியா இருக்கே?" என்றாள். ஆரஞ்சை அப்படியே பக்கத்துக் கட்டில் பெரியவருக்குக் கொடுத்துவிட்டாள்.

பெர்க்கேசோ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நடக்கும் விபத்துக்கு அது உண்டு. கம்பெனிதான் அறிவிக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் கிராணி பாரத்தை அனுப்பினார், எம்சி (டாக்டர் தரும் விடுப்புச் சான்று) எல்லாவற்றையும் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எம்சி நாட்களுக்கு, அவர்கள் கணக்கிடும் தினசரி சம்பளத்தில் 80 சதவீதம் வந்தது. லாயரும் வேண்டியிருக்கவில்லை, ரன்னரும் வேண்டியிருக்கவில்லை.

அடித்த காடியின் இன்சூரன்ஸ் மேல் போடும் கிளேமுக்குத்தான் லாயர் தேவைப்பட்டது. போலீஸ் ரிப்போர்ட்டே எட்டாம் நாள்தான் கொடுத்தேன், ஊன்றுகோலோடு ஜாலான் துன் எச்.எஸ். லீ டிராபிக் போலீசுக்குப் போய். மாரியம்மன் கோயில் இருக்கிற அதே ரோடு. எங்கள் அப்பா இன்னும் ஜாலான் பண்டார் என்றுதான் சொல்வார். திரும்பும்போது அம்மனைப் பார்க்கலாம் என்றாள் மனைவி. படி ஏற முடியாமல் வாசலில் நின்றே கும்பிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் கடை வரிசைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு பெண் லாயர் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். லிப்ட் கிடையாது. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, ரன்னர் தந்த நகலை வாங்கிப் பார்த்தார் மேடம். "ஜெயித்தால் மட்டும் பணம், கிடைப்பதில் பங்கு என்று லாயர் ஒப்பந்தம் போட இந்த நாட்டில் அனுமதி இல்லை. 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம், 112-ஆம் பிரிவு" என்றார்.

மச்சான் கூட வந்திருந்தான். "அமெரிக்காவில எல்லாரும் அப்படித்தானே வாங்குறாங்க?" என்று கேட்டான். ஆமாம், அங்கே அது சட்டப்படி நடக்கிறது, மூன்றில் ஒரு பங்கு சாதாரணம் என்றார் மேடம். இங்கே வழக்கில் லாயரே பங்காளி ஆகக்கூடாது என்பது சட்டம். நடைமுறையில் பெர்செண்ட் பேசுகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், அன்றைக்கு என் கையிலேயே அந்தக் காகிதம் இருந்தது.

"அப்போ நீங்க எப்படி மேடம்?" என்றேன். மூன்று கட்டம் என்றார். கேஸ் பைல் பண்ணும் வரை 4,000 வெள்ளி (ரிங்கிட்). விசாரணைக்குத் தயார் ஆகும் வரை 5,000. விசாரணை நடந்தால் இன்னொரு 4,000. கைச்செலவு தனி: போலீஸ் காகிதங்கள், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தேடல், மருத்துவ ரிப்போர்ட். கைச்செலவுக்கு முன்பணம் 800. கட்டணத்தைக் கேஸ் முடிந்து கட்டலாம், ஆனால் தோற்றாலும் கட்ட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பு செலவையும் கோர்ட்டு நம் தலையில் போடலாம்.

அந்தக் கடைசி இரண்டு வரிகளில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் ரன்னர் பேச்சுதான் இனிப்பாகத் தெரிந்தது. சம்பளம் குறைந்து, வாடகை நிற்கும் வீட்டில் "தோத்தா ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னைத் திருப்பியது மச்சானின் ஒரு கேள்வி. "ஜெயிச்சா இன்சூரன்ஸ்காரன் லாயர் செலவுன்னு தனியா ஒரு பணம் தருவானாமே, அது யாருக்கு?" மேடம் சிரித்தார். அதைக் கேட்கிறவர்கள் குறைவாம். கோர்ட்டு தோற்றவனைக் கட்டச் சொல்லும் அந்தச் செலவுத்தொகை சட்டப்படி வழக்குப் போட்டவனுக்கு உரியது, அதாவது எனக்கு. அவர் பில்லை நான் கட்ட அது உதவும். பல இடத்தில் பெர்செண்டையும் எடுத்துக்கொண்டு இதையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். ரன்னர் காகிதத்தில் இரண்டாம் பக்கக் கடைசியில் அதுதான் எழுதியிருந்தது: செலவுத்தொகை முழுவதும் நிறுவனத்துக்கு.

பேசியதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இந்த முறை வலது கையால்.

ரன்னரின் லாயர் ஆபீசிடமிருந்து பைலை வாங்குவது தனிக் கூத்து. மேடம் கடிதம் போட்டதும் பைல் திறந்த செலவு 1,200 வெள்ளி என்றார்கள். விவரமாகப் பில் கொடுங்கள், வேண்டுமென்றால் கோர்ட்டில் சரிபார்த்துக்கொள்கிறோம் என்று திருப்பி எழுதினார். இரண்டு வாரம் கழித்து வந்த பில்லில் 350 தான் இருந்தது. கட்டினேன், பைல் வந்தது. ரன்னர் இரண்டு தடவை போன் பண்ணி, "நம்மாளுன்னு நம்பினேனே அண்ணே" என்று வருத்தப்பட்டான். அதற்கு என்ன பதில் சொல்வது?

அப்புறம் காத்திருப்புதான். நவம்பரில் செஷன்ஸ் கோர்ட்டில் பைல் ஆனது. வாகன விபத்து வழக்கென்றால் எவ்வளவு பெரிய தொகையானாலும் அந்தக் கோர்ட்டே விசாரிக்கலாம். தேதிகள் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஓடின, நான் கோர்ட்டு இருக்கும் ஜாலான் டூத்தா பக்கம் போனது ஒரே ஒரு தடவை. இன்சூரன்ஸ் தரப்பு தங்கள் டாக்டரிடம் என்னை அனுப்பியது. அவர் காலை மடக்கி நீட்டச் சொல்லி ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். நான் வேகமாக வந்தேன், பாதிப் பழி என் மேல்தான் என்று முதலில் வாதிட்டார்கள். போலீஸ் வரைபடத்தில் காடி நின்ற இடத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாதி குறைந்தது.

2023 அக்டோபரில், விசாரணைக்கு முன்பே பேசி முடிந்தது. காலுக்கு 44,000. செலவுத்தொகை 5,500. கைச்செலவில் 1,150. மொத்தம் 50,650 வெள்ளி, மேடம் ஆபீசில் கட்சிக்காரர் பணத்துக்கென்று இருக்கும் தனி வங்கிக் கணக்குக்கு டிசம்பரில் வந்தது.

அந்த வாரம் எனக்குக் கொடுத்த கணக்குத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வரவு 50,650. கட்டணம் 9,000, மூன்றாம் கட்டம் வரவில்லை என்பதால் அந்த 4,000 இல்லை. அதன்மேல் 6 சதவீத சேவை வரி 540. கைச்செலவு 1,480, அதில் நான் முன்பே கொடுத்த 800 போக மீதி 680. எனக்கு 40,430. ஒவ்வொரு கைச்செலவுக்கும் ரசீது நகல் பின்னால் குத்தியிருந்தது. மருத்துவ ரிப்போர்ட் ரசீதில் யாரோ காபி சிந்தியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி போன் கால்குலேட்டரில் ரன்னர் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். 44,000-இல் முப்பது பெர்செண்ட் 13,200, செலவுத்தொகை 5,500, ஆக அவர்களுக்கு 18,700. போனை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் தே ஆற்றப் போய்விட்டாள்.

அடகுக் கடையிலிருந்து அவள் வளையல் நான்கும் மறுநாளே திரும்பின. காலில் இருக்கும் இரும்பை ஒருநாள் எடுக்க வேண்டும், அதற்காக 5,000 வெள்ளி தனியாக இருக்கிறது. மழை நாளில் இன்னும் குடைகிறது. இரும்பை எடுத்தால் அதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர், பார்க்கலாம்.