30,000 ரூபாயும் ஒரு மாமாவும்

கேமரா வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்றே தொகை முடிவாகிவிட்டது: 30,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. எந்தக் கேமரா என்பதுதான் முடிவாகவில்லை. அதை முடிவுசெய்யும் பொறுப்பைச் சைதாப்பேட்டை மாமா தாமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் அவரிடம் நிக்கான் ஃபிலிம் கேமரா இருந்தது. அது எப்போதோ கைமாறிப் போனது. அதன் 50 மி.மீ. லென்ஸ் மட்டும் பீரோவில், தோல் உறைக்குள், அத்தையின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

முதலில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். தொகையைக் கேட்டதும் விற்பனையாளர், உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்கள் இருந்த அலமாரியை விட்டு எங்களை மிகுந்த மரியாதையோடு நகர்த்திக்கொண்டு போய், பைகளும் கழுத்துப்பட்டைகளும் தொங்கிய மூலையில் நிறுத்தினார். எங்கள் தகுதிக்கு அங்கே நிறையவே இருந்தது.

"பழைய கேமராவாகப் பார். லென்ஸுக்குத்தான் நான் இருக்கிறேனே" என்றார் மாமா வெளியே வந்ததும். நிக்கான் 1959-இல் கொண்டுவந்த லென்ஸ் மவுண்டை, அதாவது லென்ஸைப் பொருத்தும் வளையத்தை, உள்ளே கண்ணாடி வைத்த அதன் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இதுவரை மாற்றவே இல்லை என்பது அவருடைய வாதம். வாதம் சரிதான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மாமாவின் லென்ஸில், படம் தெளிவாக விழும்படி அதைச் சுழற்றும் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். ஆரம்பநிலைக்காரர்களுக்கான டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் கிடையாது. லென்ஸ் பொருந்தும், ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டியதுதான். மோட்டார் வேண்டுமென்றால் 2010-இல் வந்த டி7000 போன்ற ஒன்றைத் தேட வேண்டும். ஆக, ஓசியில் கிடைத்த ஒரு லென்ஸுக்காகக் கேமராவைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தேன்.

"அதில் எத்தனை மெகாபிக்சல்?" என்றான் மாமா மகன்.

"பதினாறு."

"என் போனிலேயே ஐம்பது இருக்கிறதே!" என்று அவன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது. எண்ணிக்கை இருக்கட்டும், வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் இதில் 23.6-க்கு 15.6 மி.மீ., உன் போனில் இருப்பது அதில் ஒரு சிறு பங்குதான், மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும் என்றெல்லாம் விளக்கினேன். "ஆனாலும் பதினாறுதானே?" என்றான்.

நங்கநல்லூரில் ஓர் இளைஞர் டி7000-ஐ 18-105 மி.மீ. ஜூம் லென்ஸோடு 24,000 ரூபாய்க்கு விற்பதாகத் தெரிந்தது. மாமாவும் கிளம்பினார். கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடி, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பூஞ்சை இல்லை, தூசிதான். அதற்கே அந்த இளைஞரின் பராமரிப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்.

"அதிகம் பயன்படுத்தவில்லை சார். குடும்ப விழாக்களுக்கு மட்டும்தான்" என்றார் அந்த இளைஞர்.

நான் ஒரு படம் எடுத்து, கோப்பில் பதிவாகியிருந்த ஷட்டர் கணக்கை, அதாவது அதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, பார்த்தேன். 92,000-ஐத் தாண்டியிருந்தது. மாமாவிடம் காட்டினேன்.

"ரொம்பப் பெரிய குடும்பம் போலிருக்கிறதே, தம்பி" என்றார் மாமா.

பேரம் 21,000-இல் படிந்தது. இந்தக் கேமராவின் ஷட்டரை நிக்கான் 1,50,000 முறைக்குச் சோதித்திருக்கிறது என்பதால் எனக்கும் பெரிய கவலை இல்லை. என் குடும்பம் சிறியது.

மீதி 9,000 ரூபாயை ரிச்சி தெரு பார்த்துக்கொண்டது. நினைவட்டை, கூடுதல் பேட்டரி, பை, 67 மி.மீ. ஃபில்டர், ஒரு முக்காலி. விலை குறைந்த முக்காலிகளின் குணம் பெசன்ட் நகர் கடற்கரையில்தான் தெரியும். காற்று வீசினால் அவையும் கிளம்பிவிடும். நடுக்கம்பியின் கொக்கியில் கனத்தைத் தொங்கவிடலாம் என்று படித்திருந்தேன். அம்மா இரண்டு தேங்காய்களைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். முக்காலி அசையவில்லை. விலை கேட்டுத்தான் இரண்டு பேர் வந்தார்கள். தேங்காய்க்கு.

இனி மாமாவின் லென்ஸ். பீரோவிலிருந்து அது வெளிவந்ததும், நங்கநல்லூரில் கற்ற பாடத்தின்படி உள்ளே விளக்கடித்தேன். வெண்ணிற இழைகள் கிளை பிரிந்து படர்ந்திருந்தன. கடலோர ஊரின் ஈரத்தில் தோல் உறை பூஞ்சைக்கு நல்ல வீடு. மாமா வாங்கிப் பார்த்தார், விளக்கை அணைத்தார், "அந்தக் காலத்து லென்ஸ்களில் இது சகஜம்" என்றார். சுத்தம் செய்ய 1,200 ரூபாய் ஆனது. இலவச லென்ஸுக்கு நான் கொடுத்த முதல் தவணை அது.

மறுபடி வராமலிருக்கக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் வேண்டும். டப்பா, போன தீபாவளிக்கு முறுக்கு வைத்திருந்தது. ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்துக் குடித்து இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்தச் சாயம் உடம்புக்கு ஆகாது என்பதால், சமையலிலிருந்து ஓய்வு பெற்ற இரும்புச் சட்டி ஒன்றை அம்மா இதற்கென்றே ஒதுக்கிவிட்டார். பால்கனியில் நான் கிளறிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "நீல ஜவ்வரிசி எந்தக் கடையில் கிடைக்கிறது?" என்று கேட்டார்.

லென்ஸ் தயாரானதும் முதல் படம் தமக்குத்தான் என்று மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவின் 75 மி.மீ. போலக் குறுகலாகப் பார்க்கும். மாமாவோ அகலமானவர். பின்னால் நகர்ந்து நகர்ந்து, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அவர் முழுதாகக் கிடைத்தார். பிறகு நெருங்கி வந்து, லென்ஸின் திறப்பான அபர்ச்சரை அகலமாக்கி எஃப் 1.8-இல் வைத்து முகத்தை மட்டும் எடுத்தேன். கண்கள் துல்லியம், பின்னணி கரைந்துபோயிருந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடும்!

மாமா திரையை வெகுநேரம் பார்த்தார். "காது எங்கே?"

"மங்கலாகத் தெரிவதுதான் மாமா அழகு."

"போனில் இரண்டு காதும் தெரிகிறதே" என்றார். உள்ளேயிருந்து அவர் மகன், "பதினாறு மெகாபிக்சலில் ஒரு காது வந்ததே பெரிது" என்றான்.

வெளிச்சத்துக்காக அவரைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், திறப்பைக் குறுக்கி எஃப் 8-இல் வைத்து இரண்டு காதுகளோடும் எடுத்தேன். அத்தைக்கு அது பிடித்துவிட்டது. சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவும் என் 30,000-க்குள் அடங்கும் என்று மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார்.