அரை நிமிடம் நிற்கும் கம்ப்யூட்டர்கள்

வடசென்னையில் நான் சர்வீஸுக்குப் போகும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்துச் சின்னக் கடைகளிலும் ஆபீஸ்களிலும் ஓடுகிற சிஸ்டங்களில் பாதிக்கு மேல் பத்து வயதைத் தாண்டியவை. ஜி31 மதர்போர்டில் கோர் 2 டியோ, எச்61 போர்டில் இரண்டாம் தலைமுறை ஐ3 என்று எல்லாம் அசெம்பிள் செய்து வாங்கியவை. ஜெராக்ஸ் கடை, ஐஸ் வியாபாரம், துறைமுகத்தை நம்பி நடக்கும் கிளியரிங் ஆபீஸ் என்று தினசரி வருமானமே இவற்றின் மேல்தான் நிற்கிறது. புது சிஸ்டம் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். வாடகையும் கரன்ட் பில்லும் கட்டியது போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த மாதிரி சிஸ்டத்துக்கு உயிர் கொடுப்பது, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கும் எஸ்எஸ்டிதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால், கணக்கு எழுதும் டேலி திறக்கக் காத்திருந்தவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதனால்தான் கொஞ்ச நாளில் "புதுசு போட்டும் ஹேங் ஆவுது" என்று போன் வந்தால் மனசு கேட்பதில்லை.

எப்படி ஹேங் ஆகிறது என்று முதலில் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். எதுவுமே அசையாமல் உறைந்துபோவது ஒரு வகை. மவுஸ் நகரும், ஆனால் எதைத் தொட்டாலும் திறக்காது, அரை நிமிடம் கழித்து அழுத்தியதெல்லாம் மொத்தமாக வந்து நிற்கும் என்றால் அது வேறு வகை. இந்த இரண்டாவது வகைக்குத்தான் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த அரை நிமிடம் டிஸ்க் வேலை செய்கிற நேரம் இல்லை. விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராததால் கெடு முடிந்ததும் இணைப்பை ரீசெட் செய்து மறுபடி கேட்கிறது. இரண்டாம் தடவை டிஸ்க் உடனே பதில் சொல்லிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஹால் டிக்கெட், பட்டா, வில்லங்கச் சான்று, இ.பி. பில் எல்லாம் அந்த ஒரே எச்61 சிஸ்டத்தில்தான். எனக்கு முன்னால் வந்தவர்கள் ஃபார்மட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், ரேமையும் மாற்றியிருக்கிறார்கள். "தம்பி, வேலை பாக்கும்போது ஒண்ணும் ஆகலை. நாலு காப்பி எடுத்துட்டு வந்து உக்காந்தா அப்படியே நிக்குது" என்றார். பாதி விடை அந்த வார்த்தையிலேயே இருந்தது. வேலை அதிகமாகும்போது நின்றால் சூடு, ரேம், பவர் என்று தேடலாம். சும்மா இருந்துவிட்டு வரும்போது நின்றால், தூங்கப்போன ஏதோ ஒன்று எழுந்திருக்கவில்லை என்றுதான் பொருள்.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்த்தோம். எண் 129, மூலம் ஸ்டோர்ஏஎச்சிஐ (டிஸ்க்கோடு பேசும் விண்டோஸ் டிரைவர்), டிவைஸுக்கு ரீசெட் அனுப்பப்பட்டது என்ற செய்தி. அக்கா சொன்ன நேரங்களோடு அப்படியே ஒத்துப்போனது. ஃபார்மட் அடிப்பதை முதல் வைத்தியமாக வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். விண்டோஸ் எழுதிவைத்த சாட்சியத்தை முதலில் அழித்துவிடுகிறோம், கோளாறோ அப்படியே இருக்கிறது.

டிஸ்க்கை போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்புக்கு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. கொஞ்ச நேரம் வேலை இல்லையென்றால் கம்பியின் இரு முனையும் தூங்கப் போகும். பார்ஷியல் என்ற லேசான தூக்கத்திலிருந்து 10 மைக்ரோ நொடிக்குள் எழ வேண்டும், ஸ்லம்பர் என்ற ஆழ்ந்த தூக்கத்திலிருந்து 10 மில்லி நொடிக்குள். தூங்கலாம் என்று போர்டும் சொல்லலாம், டிஸ்க்கும் சொல்லலாம். முன்னது எச்ஐபிஎம், பின்னது டிஐபிஎம். 2011 வாக்கில் வந்த போர்டும் பல வருஷம் கழித்து வந்த எஸ்எஸ்டியும் இந்த விஷயத்தில் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் பழுது இருக்காது. போர்டு எழுப்பும்போது டிஸ்க் எழவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-இல் பவர் ஆப்ஷன்ஸில் இதற்கான அமைப்பு இருக்கிறது, ஆனால் வெளியே தெரியாது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய ஆட்ரிபியூட்ஸ் மதிப்பை 2 ஆக்கினால் ஹார்ட் டிஸ்க் தலைப்பின் கீழ் ஏஎச்சிஐ லிங்க் பவர் மேனேஜ்மென்ட் என்று வரும். அதை ஆக்டிவ் என்று வைத்தால் இணைப்பு தூங்காது. மேஜை சிஸ்டத்தில் அதனால் கூடுதலாகும் மின்செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதை மட்டும்தான் மாற்றினேன். கையோடு கேபிளையும் மாற்றி டிரைவரையும் புதுப்பித்துவிட ஆசை வரும். அப்படிச் செய்தால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கடையில் மறுபடி வரவில்லை.

இதே முகத்தோடு வரும் இன்னொன்றும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், பக்கத்தில் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யத்தில் நிற்கும். டிஸ்க்கை நடத்தும் சில ஏஎச்சிஐ கன்ட்ரோலர்களில் எம்எஸ்ஐ என்ற இன்டரப்ட் முறை, அதாவது ப்ராசஸரின் கவனத்தைக் கேட்கும் முறை, சரியாக ஓடாததால் வருவது. அந்த முறையை அணைக்கும் வழியை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது.

ஜி31 போர்டுக்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது. அதில் இருக்கும் ஐசிஎச்7 சிப்புக்கு டிஸ்க்கோடு பேசும் புதிய முறையான ஏஎச்சிஐ கிடையாது, பழைய ஐடிஇ முறைதான். அங்கே நான் முதலில் பார்ப்பது பார்ட்டிஷன் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை. எக்ஸ்பி காலத்து ஹார்ட் டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து (குளோன்) வைத்திருந்தால் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டாரில், அதாவது 32,256-ஆம் பைட்டில் தொடங்கும். அது 4,096-ஆல் மீதமில்லாமல் வகுபடாது. டிஸ்க் ஒரு இடத்தில் எழுத வேண்டியதை இரண்டு இடத்தில் பிரித்து எழுத வேண்டிவரும். சின்னச் சின்னதாக நிறைய எழுதும் அக்கவுன்ட்ஸ் வேலையில் இந்த இழுவை நன்றாகவே தெரியும். தொடங்கும் பைட் 10,48,576 என்று இருந்தால் சரி. சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலேயே பார்த்துவிடலாம்.

காசிமேடு பக்கம் போனால் கேபினட்டைத் திறக்காமல் எதையும் சொல்ல மாட்டேன். உப்புக் காற்றில் சாதாரண பவர் கனெக்டர் பின்கள் மங்கிப் போயிருக்கும். எஸ்எஸ்டி 5 வோல்ட்டில் ஓடுகிறது, அந்தப் பின்னில் தொடர்பு லேசாக விட்டாலும் டிஸ்க் ஒரு கணம் காணாமல் போகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) சாட்டா முனை இல்லையென்று நாலு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் ஒயர் போட்டிருப்பார்கள். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையை நான் பார்த்தவுடன் கழற்றிவிடுவேன், உள்ளே ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி எரிந்துபோகும் ஆபத்து அதில் உண்டு.

சாட்டா கேபிள் நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற வரிசையில் சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை இருக்கும். கம்பி வழியாகப் போகும் தகவல் வழியில் கெட்டுப்போன தடவைகள் அவை. கேபிள் மாற்றினாலும் அந்த எண் குறையாது, அது வாழ்நாள் கணக்கு. எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஐஸ் கடை அண்ணனிடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவரே படம் எடுத்து அனுப்புகிறார், "ஏறலை தம்பி" என்று.

அதே திரையில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் படித்துக்கொள்வது நல்லது. பெயர்பெற்ற ஒரு மாடலில் 5,184 மணி நேரம் கடந்ததும் டிஸ்க் பதில் சொல்வதை நிறுத்திவிடும், அணைத்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும் என்ற கோளாறு இருந்தது. 2012 ஜனவரியில் டிஸ்க்குக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி அதைத் தீர்த்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் கடையில் அது ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிடும். காரணம் தெரியாமல் குப்பைக்குப் போன நல்ல டிஸ்க்குகள் எத்தனையோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு தொல்லை, ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போகும் கடைகளில். போர்டில் இருக்கும் சிஆர் 2032 செல் தீர்ந்திருந்தால், காலையில் போர்டின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து டீஃபால்ட்டுக்குப் போய்விடும். சில போர்டுகளில் அந்த டீஃபால்ட் ஐடிஇ. ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸ் அங்கே நீலத் திரையில் 7பி பிழையோடு நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று டேட்டாவை மீட்கப் பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். புதிய செல் போட்டு, பயாஸில் ஏஎச்சிஐ என்று திருப்பி வைத்தால் முடிந்தது. வேண்டுமென்றே ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றுவதானால், முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட் கொடுத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு தடவை ஏறி, அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

120 ஜிபி டிஸ்க்கை விளிம்பு வரை ஸ்கேன் கோப்புகளால் நிரப்பிவிட்டு மெதுவாகிறது என்பவர்களிடம் இடத்தைக் காலி செய்யச் சொன்னாலே போதும். டிராம் என்ற நினைவகச் சிப் இல்லாத மலிவான டிஸ்க்கில் இது சீக்கிரமே தெரியும்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பழைய போர்டுகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. வெறும் பிரவுசரும் பிரின்டரும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். டேலியை நம்பியிருப்பவர்கள் இப்போதைக்கு விண்டோஸ் 10-இலேயே ஓட்டுகிறார்கள், பேக்கப் மட்டும் தினமும் வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். லினக்ஸ் போட்ட சிஸ்டத்திலும் இணைப்பின் தூக்கம் இதே தொல்லையைக் கொடுக்கலாம். அங்கே லிங்க் பவர் பாலிசியை மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று வைப்பேன்.

எந்த சாட்டா போர்ட்டில் டிஸ்க்கை மாட்டியது, பயாஸில் என்ன முறை, சிஆர்சி எண் எவ்வளவு, எந்த அமைப்பை மாற்றியது, என்ன தேதி என்று எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வருகிறேன். அடுத்து யார் திறந்தாலும் ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் அதைப் படிக்கட்டும்.