அரைமணிக் கட்டங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்காகத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் வீடுவீடாகப் போய் நேரக் கணக்கு எடுத்தேன். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் பாணிதான். முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரைமணிக்கு ஒன்றாக 48 கட்டங்கள். அந்தந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று 6 வயது நிரம்பிய எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டு நிரப்பவேண்டும்.

ஒரு வீட்டில் மாமியாருக்குப் பக்கவாதத்தால் இடது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. மருமகள்தான் எல்லாம். காலை 6 மணிக் கட்டத்துக்கு மாமியார் சொன்னது ஒரே சொல்: "குளித்தேன்." மருமகளுக்கோ அது 6 முதல் 7 வரை, இரண்டு கட்டம்: "அத்தையைக் குளிப்பாட்டினேன்." வெந்நீர் வைத்தது, கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கொண்டுபோனது, துவட்டிப் புடவை கட்டிவிட்டது, நனைந்த துணியை அலசியது எல்லாம் அதில் அடக்கம்.

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். ஒருவர் உண்டேன், எழுந்தேன் என்கிறார்; மற்றவர் ஊட்டினேன், எழுப்பினேன் என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறியீடு எழுதவேண்டும்; எங்கள் குறியீட்டுப் பட்டியலில் 'பிறரிடம் பராமரிப்புப் பெறுதல்' என்றே தனியாக ஓர் இனம் உண்டு. அந்தக் குறியீட்டை நான் எழுதியது மிக அபூர்வம். யார்தான் வாய்திறந்து அப்படிச் சொல்வார்கள்? பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே வட்டமாக அறுத்துக் கழிப்பறை நாற்காலி ஆக்கியிருந்தார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்ததுமே மாமியார் வலக்கையால் எட்டி ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டார்.

மருமகள்மீது எனக்கு இரக்கம் கூடிக்கொண்டே போயிற்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மாலைக் கட்டங்கள் வரும்வரைதான். 4 மணியிலிருந்து ஐந்தரை வரை அவர் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வயதுக் குழந்தை அப்போது எங்கே இருந்தது என்று கேட்டேன். "அத்தை சும்மாதானே உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது" என்றார். மாமியாரிடம் அதே நேரத்தைக் கேட்டபோது, "பேத்தியைப் பார்த்துக்கொண்டேன்" என்றார். முழுதாக மூன்று கட்டம். ஓடுகிற குழந்தையை ஒற்றைக் கையால் பிடித்துவைப்பதற்கு 'சும்மா' என்று பெயர்!

மேற்பார்வையாளர் இரண்டு படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே வீடுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மிகப் பெரிய இடைவெளி இரவில்தான். மருமகள் கணக்கில் பதினொன்றரைக்கு ஒருமுறை, இரண்டு மணிக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை எழுந்திருக்கிறார். மாமியார் கணக்கில் இரவு 9 முதல் 4 வரை தூக்கம், பதினான்கு கட்டங்களும் ஒரே குறியீடு.

படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ராத்திரி எத்தனை தடவை எழுந்ததாகச் சொன்னாள், தம்பி?"

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாதம்மா என்றேன்.

"மூன்று தடவை" என்றார் அவராகவே. நான் பேனாவை எடுத்தேன்.

"அதை எழுதவேண்டாம்" என்றார்.