கடலூர் – கோரிமேடு: வண்டி நாட்குறிப்பு

13 அக்டோபர் 2024, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே வண்டியை வாசலில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். எண்ணெய் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். பதினேழாம் நம்பர் ஸ்பேனர், பழைய பேசின், அப்பாவின் கிழிந்த லுங்கி, இவ்வளவுதான் தேவை. டிரெயின் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திய பிறகு விரலால் திருக வேண்டும். கடைசிப் புரி விடுகிற நேரத்தில் போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, பிறகு வெடுக்கென்று கையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் கன்னங்கரேலென்று இறங்கியது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். புது வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கும்போது, போதும் என்று உள்ளங்கையைக் காட்டினார். இன்னும் கால் சுற்று போகும்போல் இருந்தது, ஆனாலும் நிறுத்திவிட்டேன். எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியம். புரி ஒருமுறை போய்விட்டால் எஞ்சினையே இறக்க வேண்டி வரும்.

நேற்று ஒரு கடையில் ஜெனரல் சர்வீஸுக்கு 1,850 ரூபாய் சொன்னார்கள், எண்ணெய் தனி. நான் செலவழித்தது எண்ணெய்க்கு 385 ரூபாயும் வாஷருக்குப் பத்து ரூபாயும். மிச்சத்தில் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த சத்துப் பவுடர் டப்பா வாங்கிவிட்டேன்.

15 அக்டோபர், செவ்வாய்

மழை. ஏர் பில்டர் பஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, அடுப்படியில் காயப்போட்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

16 அக்டோபர், புதன்

தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் சிகிச்சைக்காக இங்கிருந்து புதுச்சேரி கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வாரத்துக்கு ஐந்து நாள். கன்னியக்கோயில் தாண்டியதும் புதுச்சேரி எல்லை, அங்கே பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அதனால் போகும்போது போடாமல் திரும்பும்போது டேங்க்கை நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போகும் வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று உடனே மனம் மாறிவிட்டது. வழியில் நிற்கக் கூடாது, அதுதான் முக்கியம். டயர், பிரேக், செயின், பிளக், கேபிள். இந்த ஐந்தும் சரியாக இருந்தால் இந்த வண்டி நிற்காது. 2009-இல் வாங்கியது. அப்பா ஒருநாளும் இதைத் தள்ளிக்கொண்டு வந்ததில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

இன்று செயின் வேலை. நம் வீடு தேவனாம்பட்டினத்துக்கு அருகில். கடற்காற்றில் இருக்கிற உப்பு செயின் கவருக்குள்ளும் புகுந்துவிடும். கவரைக் கழற்றிப் பார்த்தால் கணுக்களில் செந்துரு. மண்ணெண்ணெய் தோய்த்த பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கணுவாகத் தேய்த்து, துடைத்து, கியர் எண்ணெய் விட்டேன். விரல்களை எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

தளர்வு பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீண்டிருக்காது. சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து, எங்கே மிக இறுக்கமாக நிற்கிறதோ அந்த இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது செயின் விண்ணென்று நிற்கும், பேரிங் கெடும். அந்த இடத்தில் கீழ்ப்பக்கச் செயின் மேலும் கீழுமாக 25 மில்லிமீட்டர் ஆடும்படி வைத்தேன். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் கோணலாகிவிடும்.

நாளை.

21 அக்டோபர், திங்கள்

முதல் நாள் முடிந்தது. எட்டேகாலுக்குக் கிளம்பி மூன்று மணிக்கு வீடு. வண்டி நன்றாக ஓடியது.

22 அக்டோபர், செவ்வாய்

டயருக்கு எவ்வளவு காற்றழுத்தம் (பி.எஸ்.ஐ.) என்று செயின் கவரில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் தெளிவாக எழுதியிருக்கிறது: முன்னால் 25, பின்னால் ஓட்டுபவர் மட்டும் என்றால் 28, பின்னால் ஆள் ஏறினால் 41. காற்று பிடிக்கிற பையன் இரண்டுக்கும் 30 வைத்துவிட்டுக் குழாயை எடுத்துவிட்டான். 41 வேண்டும் என்றேன். டயர் வெடித்துவிடும் அக்கா என்றான். ஸ்டிக்கரைக் காட்டினேன். அப்பா பின்னால் நின்று தலையை ஆட்டினார், அப்புறம்தான் வைத்தான். காற்று குறைந்த டயரில் இருவர் போனால் பக்கவாட்டு ரப்பர் மடங்கி மடங்கிச் சூடாகும், வண்டி வளைவில் ஆடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

24 அக்டோபர், வியாழன்

ஓர் ஓசை. அரியாங்குப்பம் தாண்டி, பின்பக்கமிருந்து. ‘கட்’ என்று ஒன்று.

25 அக்டோபர், வெள்ளி

வேகத்தைக் குறைத்து, மறுபடி ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது மட்டும் வருகிறது. நேராகப் போகும்போது இல்லை. நான் தனியாக ஓட்டிப் பார்த்தபோதும் இல்லை. அப்பா ஏறினால்தான். பெட்ரோல் பங்கில் செயின் என்கிறார்கள். எதிர்வீட்டு மாமா பேரிங் என்கிறார். முருங்கப்பாக்கத்தில் நெரிசலில் நின்று நின்று போகும்போது ஒவ்வொரு ‘கட்’ சத்தத்துக்கும் வயிற்றில் ஏதோ இறங்குகிறது.

27 அக்டோபர், ஞாயிறு

பேரிங் இல்லை. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பார்த்தேன், அசைவே இல்லை. செயினும் அன்று வைத்த தளர்விலேயே இருக்கிறது. செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒருபக்கம் சாயாமல் நேராகத்தான் நிற்கின்றன.

முன் பிரேக்கைப் பிரித்தேன். டிரம்முக்குள் இருக்கிற தூளை வாயால் ஊதவே கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்தேன். டிரம்மை உரசி நிறுத்துகிற பிரேக் ஷூ இன்னும் தடிமனாக இருக்கிறது. மேலே கண்ணாடிபோல் மினுங்கியதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஷூவை விரிக்கிற கேம் அச்சில் துளி கிரீஸ் வைத்து மூட்டினேன். கிரீஸ் ஷூவில் படக் கூடாது.

அப்பாவின் கழுத்துத் தோல் கறுக்கத் தொடங்கிவிட்டது. காலர் வைத்த சட்டை வேண்டாம் என்றார்கள். வண்டியில் காற்றும் தூசியும் படாமல் மெல்லிய பருத்தித் துண்டைத் தளர்வாகச் சுற்றிவிடுகிறேன்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. வெடிப்புகை. எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டோம். இரவு முழுக்க இருமினார்.

4 நவம்பர், திங்கள்

தெரிந்துவிட்டது. அப்பாதான் கண்டுபிடித்தார்.

திரும்பும் வழியில் தவளக்குப்பத்தில் என் தோளைத் தட்டினார். நிறுத்தினேன். உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன். இறங்கி, இடது கையை முஷ்டியாக்கி வலது கைக்குள் பொத்தி, முஷ்டியை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். கைக்குள் முஷ்டி ஆடியது. எனக்குப் புரியவில்லை. சக்கரத்தின் நடுவைத் தொட்டுக் காட்டி மறுபடி அதையே செய்தார். கப்ளிங் ரப்பர்!

செயின் இழுக்கிற ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஹப்புக்குள் ரப்பர் கட்டைகள் இருக்கின்றன. எஞ்சின் இழுக்கும்போது வருகிற அதிர்ச்சியை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. அவை தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி கொடுக்கும்போது இரும்பு இரும்பில் போய் மோதும். பின்னால் பாரம் இருந்தால் மோதல் பலமாகும். நான் காதால் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அந்த அச்சுக்கு மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார், இடுப்பெலும்பில் தெரிந்திருக்கிறது. இதை எத்தனை நாளாக வைத்திருந்தாரோ, சொல்ல வழியில்லாமல்.

5 நவம்பர், செவ்வாய்

இன்று வாயில் புண். இளநீர்கூட எரிகிறது என்று காட்டினார்.

10 நவம்பர், ஞாயிறு

உதிரிபாகக் கடையில், “எந்த வருஷத்து வண்டி? வண்டி எங்கே, மெக்கானிக் வரவில்லையா?” என்று கேட்டார்கள். 2009, ஸ்பிளெண்டர் பிளஸ், கப்ளிங் ரப்பர் ஒரு செட் என்று மட்டும் சொன்னேன். 120 ரூபாய். செயின் ஸ்பிராக்கெட் செட்டையும் மாற்றிவிடுங்கள் என்று ஆயிரத்துக்கு மேல் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பற்கள் நன்றாக இருக்கின்றன, வேண்டாம் என்றேன்.

இந்த வண்டியில் ஒரு வசதி: அச்சு நட்டைக் கழற்றி அச்சை உருவினால் சக்கரம் மட்டும் வெளியே வரும். செயினும் ஸ்பிராக்கெட்டும் தங்கள் இடத்திலேயே நிற்கும். ஹப்பைத் திருப்பிப் பார்த்தேன். பழைய ரப்பர்கள் இறுகி, ஓரமெல்லாம் மழுங்கி, விரலால் அழுத்தினால் தூள் உதிர்ந்தது. குழியைத் துடைத்து, புதியவற்றைச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே அழுத்தினேன். ரப்பருக்கு எண்ணெயும் கிரீஸும் ஆகாது, ஊறிப்போய்விடும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் இடுக்குகளில் ஸ்பிராக்கெட்டின் விரல்கள் உட்கார மறுத்தன. முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தள்ளினேன். அப்பா எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். வேண்டாம் என்றால் கேட்கிறாரா? உட்கார்ந்தது.

துப்பட்டாவை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்கெல்லாம் வருகிறேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.

11 நவம்பர், திங்கள்

ஓசை இல்லை! போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. நோணாங்குப்பம் பாலத்தில் வேண்டுமென்றே ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுக் கொடுத்துப் பார்த்தேன். அப்பா தோளில் இரண்டு தட்டு தட்டினார்.

13 நவம்பர், புதன்

அப்பாவின் எடை குறைந்திருக்கிறது. இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டி வரும் என்று சொன்னார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் எண்ணெய் மாற்றிவிட வேண்டும் என்று எதிர்வீட்டு மாமா பிடிவாதமாகச் சொல்கிறார். அப்பா எப்போதும் 2,000 வரை ஓட்டுவார். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, அளவுக்குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறது. விரலில் தேய்த்தால் வழவழப்பு இருக்கிறது, பால் கலந்த நிறம் இல்லை, மழைத்தண்ணீர் உள்ளே போகவில்லை. அளவு சரியாக இருக்கிற எண்ணெயைக் கொட்டிவிட்டு 385 ரூபாய்க்குப் புதிதாக ஊற்ற மாட்டேன். அந்த 385 ரூபாய்க்கு வேறு தேவை இருக்கிறது.

போன மாதம் பிடித்த பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, சேகரிக்கிற பட்டறையில் கொடுத்துவிட்டேன். இங்கே பலரும் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். அது கெடிலத்துக்குத்தான் போகும், அங்கிருந்து கடலுக்கு. எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது.

19 நவம்பர், செவ்வாய்

தம்பி திருப்பூரிலிருந்து பேசினான். டிசம்பரில் வருகிறானாம். டிசம்பரில்!

22 நவம்பர், வெள்ளி

அப்பா வண்டியில் தூங்கிவிடுகிறார். கிருமாம்பாக்கம் வரும்போது அவருடைய தலை என் முதுகில் சாய்ந்தது. ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடித்ததும் விழித்துக்கொண்டார். நெஞ்சு படபடத்தது. ஓரமாக நிறுத்தி வெகுநேரம் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். வண்டி சரிந்தால் இருவரும் பிரிய முடியாது, அது ஆபத்து. பேருந்தில் காலை நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. இருமுகிறவர்கள் நடுவே அவரை நிறுத்தி வைக்கவும் முடியாது. ஆட்டோவுக்கு ஒருநாள் கேட்கிற பணத்தில் இந்த வண்டிக்கு மூன்று மாதம் பராமரிப்புச் செய்துவிடலாம்.

இதுவரை வண்டி பழுதாகக் கூடாது என்பதுதான் என் கவலை. வண்டி பழுதாகவில்லை. செயின், டயர், பிரேக், எல்லாம் கச்சிதம். அவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே! அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை. அவரைப் பேசவைத்துக்கொண்டே வரவும் முடியாது. நான்தான் பேசிக்கொண்டு வர வேண்டும். திங்கள் முதல் ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தலாம். கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிட வேண்டும்.

25 நவம்பர், திங்கள்

பேசிக்கொண்டே போனேன். டாப்பெட் என்றால் என்ன, கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தப்பாகச் சொன்னால் தோளில் ஒரு தட்டு. தூங்கவில்லை.

27 நவம்பர், புதன்

மழை விடாமல் பெய்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். பிளக் மூடிக்குள் ஈரம் ஏறாமல் ரப்பரைச் சரிபார்த்தேன். கிளட்ச் கேபிளுக்குப் பாலிதீன் பையைக் கூம்பாகக் கட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்கினேன். கீழ் முனையில் எண்ணெய் எட்டிப்பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

29 நவம்பர், வெள்ளி

புயல் நாளை கரையைக் கடக்குமாம், நமக்கும் புதுச்சேரிக்கும் பக்கத்திலேயே. 2011-இல் ‘தானே’ புயல் வந்தபோது இந்தத் தெருவில் ஒரு மரமும் மிஞ்சவில்லை.

வண்டியைத் திண்ணைமேல் ஏற்றிவிட்டேன், பலகை போட்டு, அம்மாவும் நானுமாகத் தள்ளி. பெட்ரோல் குழாயை மூடினேன். சைலன்ஸர் வாயைத் துணியால் அடைத்து மேலே பிளாஸ்டிக் கட்டினேன். துணியை எடுக்காமல் கிளப்பிவிடக் கூடாது என்று அட்டையில் எழுதி ஆக்சிலரேட்டரில் தொங்கவிட்டிருக்கிறேன். அப்பா அட்டையை வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதிக் கொடுத்தார்: முதலில் எண்ணெய் நிறம் பார்.

சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது, அந்த மட்டில் நல்லது. நடுவில் ஒருநாளும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.